ஹோகார்த் தீட்டிய சந்தை

செப்டம்பர் 8 அன்னை மரியாளின் பிறந்த நாள். அன்று வேளாங்கண்ணியில் கூடும் கூட்டத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதே திருநாளையொட்டி இலண்டன் மாநகரிலும் ஒரு காலத்தில் பெருங்கூட்டம் கூடியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் என்னும் பகுதியில் செப்டம்பர் 7, 8, 9 ஆகிய நாட்களில் சந்தை நடத்த 1462-ஆம் ஆண்டு நான்காம் எட்வர்டு மன்னர் பட்டயம் அளித்தார். மக்கள் அதை 'மாதா சந்தை' என்றே அழைத்தனர். பிற்காலத்தில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்தது. விழா மறைந்தது, சந்தை மட்டும் நின்றது. நின்றதோடு, மூன்று நாள் இரண்டு வாரமாகவும் வளர்ந்துவிட்டது!

இந்தச் சந்தையை 1733-இல் வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் தீட்டினார். படம் ஏறத்தாழ நான்கடி உயரமும் ஐந்தடி அகலமும் உடையது. அதற்குள் எத்தனை மனிதர்கள்! நடுவில் இறகுத் தொப்பி அணிந்த ஓர் இளம்பெண் முரசு கொட்டி நாடகத்துக்கு ஆள் சேர்க்கிறாள். அருகே ஒரு கறுப்பினச் சிறுவன் எக்காளம் ஊதுகிறான். நாட்டுப்புறத்தார் இருவர் அவளை வாய் பிளந்து பார்க்கின்றனர். ஒருவன் படம் காட்டும் பெட்டியோடு வந்திருக்கிறான். மனிதரைப் போல் உடையணிந்த ஒரு நாய் இரண்டு கால்களில் நடக்கிறது. வலப்புற மூலையில் வாளேந்திக் குதிரைமேல் அமர்ந்திருப்பவர், அக்காலத்தில் புகழ்பெற்ற வாட்போர் வீரர் ஜேம்ஸ் ஃபிக் என்பர்.

கூடாரங்களின் மேல் தொங்கும் விளம்பரத் திரைகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஒன்றில் ஆதாமும் ஏவாளும். மற்றொன்றில் டிராய் நகரை அழித்த மரக்குதிரை. இடப்புறக் கொட்டகையின் நாடகமோ பஜாசத் என்ற சுல்தானின் வீழ்ச்சி. எல்லாம் வீழ்ச்சிக் கதைகள்! அந்தக் கொட்டகையின் மேடை அந்நேரமே முறிகிறது. அலங்கார உடைகளோடு நடிகர்கள் சரிந்து விழுகிறார்கள். கீழே பீங்கான் கடை. இன்னும் ஒரு நொடியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோயில் கோபுரத்திலிருந்து கட்டிய கயிற்றில் ஒருவன் பறவைபோல் சறுக்கி வருகிறான். அவன் ராபர்ட் காட்மன் என்று கருதப்படுகிறது. சில ஆண்டுகளுக்குப் பின் ஷ்ரூஸ்பரி நகரில் இதே வித்தையைச் செய்தபோது கயிறு அறுந்து விழுந்து அவர் இறந்தார்.

எனக்கு இப்படத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது வேறோர் உருவம். நாடக அரசனின் கோலத்தில் கம்பீரமாக நிற்கும் நடிகனை, கடனுக்காக அமீனா பிடித்துக்கொள்கிறான். மேடையில் நாடாள்பவன் தெருவில் கைதி. இது வெறும் கேலியன்று. ஹோகார்த்தின் தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். வருபவர்கள் இலத்தீன் மொழியிலேயே பேசவேண்டும் என்ற ஏற்பாட்டுடன் அவர் ஒரு காப்பிக் கடை திறந்தார். (எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நம் மொழி ஆசிரியைகளைக் கேளுங்கள்!) கடை நொடித்தது, அவர் கடன்காரர் சிறையில் அடைபட்டார். சிறுவன் வில்லியம் அமீனாவின் கையை அருகிலிருந்தே அறிந்தவன். சதர்க் பகுதியிலும் மார்ஷல்சி என்ற கடன்காரர் சிறை இருந்தது. அக்கைதிகளுக்காகச் சந்தைக் கடைக்காரர்கள் பணம் திரட்டிக் கொடுப்பது வழக்கம்.

ஓவியத்தைச் செதுக்கி அச்சுப் பிரதிகளாகவும் ஹோகார்த் விற்றார். முன்பு அவருடைய படங்களைப் பிறர் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்று வந்தனர். ஆகவே, செதுக்கு ஓவியருக்குப் 14 ஆண்டு உரிமை அளிக்கும் சட்டம் 1735-இல் நடைமுறைக்கு வரும்வரை, இச்சந்தைப் படத்தை வெளியிடாமல் காத்திருந்தார். அச்சட்டத்துக்காக முயன்றவர்களுள் முதன்மையானவரும் அவரே.

கூச்சலும் ஒழுங்கீனமும் மிகுந்தமையால் சந்தை 1760-களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. மூல ஓவியம் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. மேடை இன்னும் சரிந்துகொண்டேயிருக்கிறது. முரசடிக்கும் பெண் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.