திருத்தத்திற்குச் செவிசாய்த்த தாய்

ஆகஸ்ட் 27 அன்று புனித மோனிக்காவையும், மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரையும் திருஅவை நினைவுகூருகிறது. முன்பு மே 4 அன்று கொண்டாடப்பட்ட தாயின் நினைவு, 1969-இல் நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது மகனுடைய நாளுக்கு அருகில் வந்து சேர்ந்தது.

மோனிக்கா என்றதும் நமக்குக் கண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. "பையன் கோவில் பக்கமே வருவதில்லை, சாமி" என்று நம்மிடம் வந்து கலங்கும் அன்னையருக்கு, நாம் உடனே சுட்டிக்காட்டுவதும் மோனிக்காவின் கண்ணீரைத்தான். அது சரியே. ஆனால் அந்த மகன் தம் தாயிடம் கண்டது கண்ணீரை மட்டும்தானா?

தாய் இறந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பின் அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலை எழுதினார். அதன் ஒன்பதாம் புத்தகத்தில் தாயின் வாழ்வைச் சொல்ல வருகிறார். புனிதையான தாயைப் பற்றி எழுதுகிறவர் எதிலிருந்து தொடங்குகிறார், பாருங்கள். மதுவிலிருந்து!

மோனிக்கா பிறந்தது வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டுப் பகுதியில். சிறுமியாக இருந்தபோது, வீட்டுப் பீப்பாயிலிருந்து திராட்சை மது மொண்டுவர அவரைத்தான் அனுப்புவார்கள். மொள்ளும்போது உதடு நனையும் அளவு சுவைத்தார். ஆசையால் அல்ல, சிறுபிள்ளைக் குறும்பால் என்கிறார் மகன். ஆனால் நாளுக்கு நாள் சொட்டுச் சொட்டாகக் கூடி, கோப்பை நிறையக் குடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஒருநாள் கூடவே போகும் பணிப்பெண்ணுடன் சண்டை. அவள் கோபத்தில் "குடிகாரி" என்று சொல்லிவிட்டாள். மோனிக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார்.

அந்தப் பணிப்பெண் திருத்த நினைத்துச் சொல்லவில்லை, புண்படுத்தத்தான் சொன்னாள் என்பதை அகுஸ்தினார் மறைக்கவில்லை. சொன்னவள் வேலைக்காரி, சொன்ன விதமும் தவறு. ஆனால் சொன்னது உண்மை. அந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டாரே, அதுதான் அந்தச் சிறுமியின் பெருமை. நமக்கு யாராவது குறை சொன்னால், சொல்ல இவன் யார் என்றுதானே முதலில் பார்க்கிறோம்?

அவர் வாழ்க்கைப்பட்ட பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் அல்லர், முன்கோபி, மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. கணவர் கொதிக்கும்போது மோனிக்கா எதிர்த்துப் பேசமாட்டார். தணிந்த பிறகு தம் பக்க நியாயத்தைச் சொல்வார். கணவரிடம் அடிபட்டு வந்த அண்டைவீட்டுப் பெண்களுக்கும் இதே வழியைத்தான் காட்டினார். இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். அது அக்காலத்துப் பெண்கள் உயிர் தப்பிய வழி. இன்று அடிபட்டு வரும் ஒரு பெண்ணிடம், மோனிக்காவைப் போல் பொறுத்துக்கொள் என்று சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. பத்ரீசியுஸ் தம் கடைசிக் காலத்தில் திருமுழுக்குப் பெற்றார்.

இன்னொன்றையும் மகன் குறிப்பிடுகிறார். சண்டையிட்ட இரு தரப்பாரும் வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் கொட்டித் தீர்த்தாலும், ஒப்புரவாக்க உதவுவதை மட்டுமே மோனிக்கா மறுபக்கம் கொண்டுபோவார். இது சின்ன நற்பண்பாகத் தோன்றியிருக்கும், இதற்கு நேர்மாறாகச் செய்யும் கூட்டத்தைத் தாம் பார்த்திராவிட்டால் என்கிறார் அகுஸ்தினார். நம் அன்பியக் கூட்டங்களுக்கு வந்திருப்பார் போலும்!

ஆனாலும் குறையற்ற தாயாக அவரை மகன் வரையவில்லை. பதினாறு வயதில் தாம் தடுமாறியபோது, திருமணம் செய்துவைத்தால் படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சியதையும் எழுதிவைத்தார். பிள்ளையின் படிப்பு பற்றிய கவலை அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

பிறகு மகன் மானிக்கேய மதத்தில் சேர்ந்தார். மோனிக்கா ஓர் ஆயரிடம் சென்று, என் மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயரே சிறுவயதில் மானிக்கேயரிடம் வளர்ந்து, அவர்களது நூல்களைப் படித்து வெளியேறியவர். அவர் மறுத்துவிட்டார். இப்போது யார் சொன்னாலும் அவனுக்கு ஏறாது, அவனை விட்டுவிடு, அவனுக்காக மன்றாடு, படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். தாய் விடாமல் அழுது மன்றாடவே, இத்தனை கண்ணீருக்கு உரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று சலிப்போடு அனுப்பிவைத்தார். இந்தக் கடைசிச் சொல்லை நாம் எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். முதலில் சொன்ன 'விட்டுவிடு' என்பதைச் சொல்வதே இல்லை.

மோனிக்காவுக்கும் அது எளிதாக வரவில்லை. 383-இல் மகன் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து உரோமைக்குப் புறப்பட்டபோது, தாய் அவரைப் பிடித்த பிடியை விடவில்லை. நண்பரை வழியனுப்ப வந்தேன் என்று மகன் பொய் சொன்னார். அருகிலிருந்த புனித சிப்ரியான் நினைவாலயத்தில் தாய் இரவெல்லாம் செபித்துக்கொண்டிருக்க, கப்பல் போய்விட்டது. காலையில் கரையில் நின்று கதறினார். 'ரூம்ல இருக்கேம்மா' என்று கைபேசியில் சொல்லிவிட்டு வேறெங்கோ நிற்கும் நம் பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்தக் கரை தெரியும்.

பின்னர் அவரும் கடல் கடந்து மிலான் போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்க வழக்கப்படி மறைச்சாட்சியரின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கூடையில் எடுத்துச் சென்றார். வாயிற்காவலர் தடுத்தார். ஆயர் அம்புரோஸ் அவ்வழக்கத்துக்குத் தடை விதித்திருந்தார். தலைமுறை தலைமுறையாக வந்த பக்தி வழக்கம் அது. நம் ஊரில் திருவிழா வழக்கத்தில் ஒன்றை மாற்றிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்! மோனிக்கா ஒரு சொல்லும் பேசாமல் கூடையை விட்டுவிட்டு, செபத்தோடு மட்டும் போனார். தடுத்தவர் அம்புரோஸ் என்பதால்தான் இவ்வளவு எளிதில் பணிந்தார் போலும் என்று மகன் தம் நூலில் ஐயப்படுகிறார். தாயை நன்கு அறிந்த மகன்!

அதே அம்புரோஸ் கையால் 387 பாஸ்கா திருவிழிப்பில் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். தாயின் குறை சொல்லும் வாயைவிட, குறை கேட்கும் செவியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். முதுமையில் தம் நூல்களையெல்லாம் மறுபடி எடுத்து, தாம் தவறாக எழுதியவற்றைத் திருத்தித் தனி நூலே எழுதிய ஆயர் அவர். அந்தப் பணிவை எந்தப் பள்ளியில் படித்தார் என்று நாம் தேட வேண்டியதில்லை.

அந்த ஆண்டே, ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். வயது 56. கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இடமும் ஆயத்தம் செய்திருந்தார். அந்நிய மண்ணில் சாக வேண்டாமே என்று இன்னொரு மகன் சொன்னபோது, தாய் அவரைக் கடிந்து பார்த்தார். உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஆசையும் தாயின் உள்ளத்தைவிட்டுப் போயிருந்தது கண்டு அகுஸ்தினார் வியந்து மகிழ்ந்தார்.

ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில், இதைப் படிப்போர் மோனிக்காவையும் பத்ரீசியுசையும் பீடத்தருகே நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் கேட்கிறார். வரும் 27-ஆம் தேதி திருப்பலியில் அந்த இருவர் பெயரையும் நாம் சொல்வோம். கூடவே உங்கள் தாயின் பெயரையும் சொல்லுங்கள். உயிரோடிருந்தால், அன்று மாலை அவருக்கு ஒருமுறை பேசுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.