வேடந்தாங்கலுக்குக் கூட்டம் வருது... விவசாயிக்கு என்ன வருது?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களுக்குப் போகும் கூட்டம் வண்டலூர் பக்கம் திரும்பிவிட்டது. விடுமுறை நாள்களில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. சாலையோரம் நிலம் வைத்திருப்பவருக்கு இதைப் பார்த்ததும், 'தோட்டத்தில் நாலு அறை கட்டிப் போட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், நகையை அடகு வைப்பதற்கு முன்பு, சுற்றுலாக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மத்திய சுற்றுலா அமைச்சகக் கணக்குப்படி, 2019-ல் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுச் சுற்றுலா வருகை 49.48 கோடி. கொரோனா காலமான 2020-ல் இது 14.06 கோடியாகவும், 2021-ல் 11.53 கோடியாகவும் சரிந்தது. 2022-ல் 21.86 கோடி, 2023-ல் 28.60 கோடி என மறுபடியும் ஏறியிருக்கிறது. ஏற்றம் உண்மைதான். ஆனாலும், 2019-ம் ஆண்டுக் கணக்கில் 60 சதவிகிதத்தைக்கூட இது தொடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை 'வருகை'யின் கணக்கு. ஆள் கணக்கு அல்ல. மாநிலங்கள் பெரும்பாலும் விடுதிகளில் இருந்து வரும் மாதாந்தரப் பதிவுகளை வைத்தே இதைத் தொகுக்கின்றன. மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பம் தாம்பரத்தில் ஓர் இரவு, மாமல்லபுரத்தில் ஓர் இரவு, காஞ்சிபுரத்தில் ஓர் இரவு தங்கினால், அதே ஆள்கள் மூன்று முறை கணக்கில் ஏறிவிடுவார்கள். குரோம்பேட்டையிலிருந்து காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போய், இருட்டுவதற்குள் வீடு திரும்பும் குடும்பமோ எந்த விடுதிப் பதிவேட்டிலும் இருக்காது. நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் இவர்கள் எண்ணப்படுவார்கள். சென்னையின் தென் புறநகர் விவசாயி பார்க்கும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ரகம்தான்.

சீட்டுக் கணக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2021-22-ல் மாமல்லபுரத்தின் தொல்லியல் சின்னங்களைப் பார்த்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். தாஜ்மகாலைப் பார்த்தவர்கள் 38,922 பேர்தான். 'தாஜ்மகாலை முந்திய மாமல்லபுரம்' என்று செய்திகள் பறந்தன. அந்த நிதியாண்டில் நவம்பர் வரை வெளிநாட்டினருக்குச் சுற்றுலா விசா கிட்டத்தட்ட கிடையாது என்பது அந்தத் தலைப்புகளில் இல்லை.

இனி வேடந்தாங்கலுக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் போய், படாளத்தில் திரும்பி உள்ளே போக வேண்டும். சுமார் 30 ஹெக்டேர்தான் ஏரி. கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன் எனக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு உரத்தண்ணீர். இதை நேரில் கண்டு உணர்ந்த ஊர்க்காரர்கள், 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, கவுல் எனப்படும் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். சுற்றுலா என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. நெல்லுக்காகக் காப்பாற்றிய பறவைகளைத்தான் இன்று ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தாம்பரத்துக்கு அருகில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் அதே ஆண்டில் அந்தத் தகுதி கிடைத்தது.

இங்கே சுற்றுலாவுக்கு முதலாளி வடகிழக்குப் பருவமழை. மழை பொய்த்து ஏரி நிரம்பாவிட்டால் பறவை குறையும். பறவை குறைந்தால் வண்டியும் குறையும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவிகிதம் குறைந்துபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஓர் ஆண்டு வந்தால் நெல்லும் போய், கடை வியாபாரமும் சேர்ந்தே போய்விடும். பயிர் கைவிட்டால் சுற்றுலா கைகொடுக்கும் என்ற கணக்கு இந்த ஏரிக்கரையில் எடுபடாது.

மாதக் கணக்கு அதைவிட முக்கியம். வேடந்தாங்கலில் கூட்டம் சேருவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த நேரத்தில் விவசாயி கையில் இருப்பது சம்பா நெல், பொங்கல் கரும்பு, கிழங்கு வகைகள். மதுராந்தகம் பக்கம் சாலையோரம் குவியும் தர்பூசணியும் நுங்கும் வெயில் ஏறிய பிறகுதான் வரும். அதற்குள் பறவைகள் கிளம்பத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தர்பூசணி வாங்குபவர்கள் ஜி.எஸ்.டி சாலையில் ஊருக்குப் போகிறவர்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவின் கணக்கே வேறு. காணும் பொங்கல் அன்றும் பள்ளி விடுமுறையிலும் அங்கே கூட்டம் அலைமோதும். செவ்வாய்க்கிழமை கதவே திறக்காது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இவை எதுவும் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேடந்தாங்கல் சரணாலயம் என்பது ஏரி மட்டுமல்ல. சுற்றிலும் 5 கி.மீ வரை அதன் எல்லைதான். 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் உண்டு. பறவைகள் கூடு கட்டுவதுதான் ஏரியில். இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குளங்களிலும். நத்தைகுத்தி நாரைக்கு நெல் வயலின் நத்தைதான் சாப்பாடு. வயல் மனையாகிவிட்டால் அந்த நாரைக்கு அங்கே வேலை இல்லை.

அப்படியானால் அறை கட்டலாமா என்ற கேள்விக்கு, வேடந்தாங்கல் பக்கம் இப்போதைக்கு அவசரம் வேண்டாம் என்பதே பதில். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடக்கூடியவர்கள் அறை எடுக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு, வேகவைத்த வேர்க்கடலை, ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளில் சொந்த வயலின் அரிசி... முதல் ஆண்டு இவற்றோடு தொடங்கலாம். அதோடு, டிசம்பரில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு புதன். மே மாதத்திலும் அதேபோல மூன்று நாள் என்று, சொந்த நிலத்தைக் கடக்கும் வண்டிகளையும் அவற்றில் நின்று வாங்குபவற்றையும் நோட்டில் எழுதிவர வேண்டும். கோடிக்கணக்கில் சொல்லும் அறிக்கையைவிட, கடன் வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஆறு நாள் கணக்கு சரியாகச் சொல்லும்.