நூற்றைம்பது மில்லிமீற்றர்

2014 அக்டோபர் 29, காலை ஏழரை மணி இருக்கும். பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தின் மேல் நின்ற மலை கீழே இறங்கியது. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். தப்பியவர்கள் பூனாகலை, கொஸ்லாந்தைப் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தார்கள்.

மலைநாடு தெற்கே சட்டென்று முடிந்துபோகும் விளிம்பில் இருக்கிறது கொஸ்லாந்தை. 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி குதிப்பதும் அந்த விளிம்பிலிருந்துதான். மேலே உடைந்த பாறையும் மண்ணும் அடிவாரத்தில் காலங்காலமாகக் குவிந்து கிடக்கின்றன. ஒருமுறை சரிந்து வந்த மண், அடுத்த சரிவுக்குக் காத்திருக்கும் மண். அதில் தேயிலை நன்றாக வரும், லயம் கட்டச் சற்றுச் சமமான நிலமும் கிடைக்கும். ஆபத்தான இடமே வசதியான இடமாகவும் தோன்றியது அப்படித்தான்.

மண்மணிகள் ஒன்றோடொன்று அழுந்தி உரசுவதால்தான் சரிவு நிற்கிறது. ரொட்டிக்கு மா பிசைகிறவர்களுக்குத் தெரியும்: அளவான தண்ணீர் பிடித்து வைக்கும், கூடினால் குழம்பாகிவிடும். மழைநீர் இடுக்குகளை நிரப்பியதும், மணிகளை அழுத்திய பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கத் தொடங்குகிறது. உராய்வு தளர்கிறது, ஊறிய மண்ணின் எடையோ ஏறிக்கொண்டே போகிறது. மழை விட்ட பிறகும் சில சரிவுகள் விழுவதற்குக் காரணம், நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுப்பதுதான். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்று எல்லாம் மலை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள்.

இதை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. கணக்குப் பார்க்க ஒரு சாதாரண மழைமானி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லிவிடும். இந்த அறிவு வளர வெளிநாட்டு உதவியும் கைகொடுத்தது; அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை கிடைத்த கதையிலும் அது உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு, 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் அவற்றை மேம்படுத்தப் பணம் தந்தது. 1990இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு மண்சரிவு அபாய வரைபடம் வரையத் தொடங்கியபோதும் முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான்.

ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை. மீரியபெத்தவிலிருந்து மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டது. ஆனால் எங்கே போவது? நிலம் அரசினது, பிடி தோட்டக் கம்பனியினது, குடியிருப்பவருக்குத் தன் லயக் காம்பராவின்மேல் உறுதிப்பத்திரம் இல்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யச் சபைகளுக்கு வழிவிடவில்லை; வாக்குக் கேட்க மட்டும் லயம் வரை வரலாம். அந்தச் சட்டம் திருந்தியது 2018இல்தான். என் பார்வையில் மீரியபெத்தவை விழுங்கியதில் மழைக்குப் பாதிப் பங்கு. மீதி இந்தக் காகிதங்களுடையது. உதவிப் பணத்தால் வரைபடம் வரையலாம், வகுப்பறை கட்டலாம். ஒரு குடும்பத்துக்குக் காணித் துண்டு ஒதுக்கும் கையொப்பத்தை உள்நாட்டில்தான் போட வேண்டும்.

சரிவுக்கு இரண்டு வருடம் கழித்து, 2016 அக்டோபரில், தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. அப்போது பேசப்பட்ட அளவு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி.