அலைகளின் வழியே – 9: மலையேறும் ஐந்து வாட்

சென்ற வாரம் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி முடித்தோம். இந்த வாரம் வீட்டை விட்டே கிளம்பிவிடுவோம்.

வானொலி செட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் போகும் ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு விளையாட்டாக ஒழுங்குபடுத்தியது பிரிட்டன். அங்கே 2002 மார்ச்சில் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' தொடங்கியது. சுருக்கமாக சோட்டா. மலையுச்சியில் நின்று வானொலியில் பேசினால் புள்ளி. உயர்ந்த மலைக்குக் கூடுதல் புள்ளி. விதிகள் கறாரானவை. செட், பாட்டரி, ஆன்டெனா எல்லாம் நம் முதுகில்தான் ஏற வேண்டும். காரில் உட்கார்ந்து பேசினால் செல்லாது. பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது. குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களைப் பிடித்தால்தான் அந்த மலையின் புள்ளி கிடைக்கும்; அதே மலையில் அடுத்த புள்ளி மறு வருடம்தான். 1000 புள்ளி சேர்த்தவருக்கு 'மலையாடு' என்று பட்டம். வீட்டில் இருந்தபடியே மலையேறிகளைத் தேடிப் பிடித்து 1000 சேர்ப்பவருக்கும் பட்டம் உண்டு. அது தேவாங்கைப் போல அசையாத 'ஸ்லாத்' என்ற விலங்கின் பெயரில்!

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஹெல்வெலின் என்றொரு சிகரம் இருக்கிறது. உயரம் 950 மீட்டர். கையடக்க வாக்கி டாக்கி ஒன்றோடு அங்கே ஏறினால் போதும்; 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அங்கிருந்து தொடுவானம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோபுரம் கட்டும் செலவை மலையே ஏற்றுக்கொள்கிறது.

கடல் தாண்டிப் பேச வேண்டுமென்றால் சிற்றலை வேண்டும். அதற்குரிய செட்டுகளில் மிகச் சிறியவை இன்று அரைக் கிலோகூடக் கிடையாது. ஆற்றல் 5 வாட், மிஞ்சினால் 10. "வீட்டில் 100 வாட் வைத்தே திணறுகிறேன், ஐந்தில் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிக்னலின் வலிமையை 1 முதல் 9 வரை 'எஸ்' படிகளாக அளக்கிறோம். ஒரு படி இறங்க வேண்டுமானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். 100 வாட்டை 25 ஆக்கினால் ஒரு படி. 25ஐ ஆறு வாட்டாக்கினால் இன்னொரு படி. ஆக, எதிர்முனையில் இழப்பது இரண்டே சொச்சம் படிதான். முதுகில் மிச்சமாவதோ பெரும் பாரம். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குக் கார் பாட்டரியைத்தான் தூக்க வேண்டும். ஐந்து வாட் செட் கேட்கும்போது கால் ஆம்பியர், பேசும்போது ஒன்றிரண்டு ஆம்பியரோடு அடங்கிவிடும். 6 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி ஒன்று ஒரு பகல் பொழுதுக்குத் தாராளம்.

ஆன்டெனாவுக்கு நீட்டிமடக்கும் ஃபைபர் தூண்டில் கழி, 20 மீட்டர் மெல்லிய ஒயர். 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் அதுதான். ஒரு நுனியில் இணைத்தால் அங்கே மின்மறுப்பு 2,500 ஓம் அளவுக்கு எகிறும்; செட் எதிர்பார்ப்பது 50 ஓம். இடையில் மின்மறுப்பை 49க்கு 1 என்ற விகிதத்தில் மாற்றும் சின்ன டிரான்ஸ்பார்மர் இரண்டையும் சமாதானம் செய்கிறது. இதே ஒயர் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும். பகலில் 14இல் கண்டம் தாண்டலாம். அப்போது 7 மெகாஹெர்ட்ஸை அயனிமண்டலத்தின் கீழடுக்கு பெருமளவு விழுங்கிவிடுவதால் சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும். சூரியன் விழுந்ததும் அந்த அடுக்கு கலைந்து, 7 நீளப் பாயத் தொடங்கும். கூடாரத்தில் தங்குபவருக்கு இந்த இரண்டு வேளையும் கிடைக்கின்றன.

விளையாட்டுக்குக் கட்டும் நிலையம் ஒருநாள் வேறு வேலைக்கும் உதவலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழு அந்தமானுக்குப் போயிருந்தது. அங்கிருந்து ஹாம் வானொலியில் பேச அனுமதி கிடைப்பதே அப்போது அபூர்வம் என்பதால், உலக ஹாம்கள் குழுவின் அழைப்புக்குறியைப் பிடிக்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. குழு அந்த உரையாடல்களை நிறுத்திவிட்டு, அதே செட்டில் போர்ட் பிளேருக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகத் தொடங்கியது. கொண்டுபோன கருவியைப் புதிய இடத்தில் பொருத்திப் பழகியவர்கள் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

மின்கம்பம் எட்டாத இடத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுபவை. மலையில் அவை இல்லை. ஆனால் சோலார் பேனல் கொண்டுபோகிறவர்கள் கவனிக்கவும்: சில சார்ஜ் கன்ட்ரோலர்களும் இதே இரைச்சலைப் போடும். பேசாத நேரத்தில் சார்ஜ் ஏற்றுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: செட்டைப் பாட்டரியில் ஓடவிட்டு, எஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வீட்டின் மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணையுங்கள். இரைச்சல் இரண்டு படி இறங்கினால், எங்கோ ஆறு வாட்டில் பேசுபவர் உங்களுக்கு 100 வாட்காரரைப் போலத் தெளிவாகக் கேட்பார். படி இறங்கவே இல்லையா? இரைச்சல் உங்கள் வீட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது. பையைத் தூக்குங்கள்.

(அடுத்த வாரம்: குரல் எட்டாத இடத்திலும் மோர்ஸ் எட்டுவது எப்படி?)