விட்டுவிட்டுக் கிளம்பும் வண்டி

காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிய பழைய பிக்கப் வண்டி, நண்பகலில் சுமையேற்றி நிற்கையில் கிளம்ப மறுக்கின்றது. சிறிது நேரங்கழித்துத் தானே கிளம்புகின்றது. பழுதுகளுள் இதுவே பொல்லாதது. பட்டறைக்குக் கொண்டுசென்றால் அங்கே தோன்றாது. யாமும் பேட்டரியே குற்றமுடையதெனக் கருதிப் புதிதொன்று வாங்கினோம். மறுவாரமே வண்டி நடுவழியில் எம்மைக் கைவிட்டது. பழுது தோன்றும் வேளையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டுமென்பதைப் பொருளிழந்த பின்னரே உணர்ந்தோம்.

சோதிக்கும் முறை எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கையிட்டு, முகப்பு விளக்கை ஏற்றிச் சாவியைத் திருப்புக. விளக்கு மிக மங்கின், பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர் இவற்றை முதலில் ஐயுறுக. விளக்கு மங்காமலும் ஓசை எழாமலும் இருப்பின், சாவிச் சுவிட்சையும் சொலினாய்டையும் ஆராய்க. செல்ஃப் மோட்டார் நன்கு சுழன்றும் எஞ்சின் பற்றாவிடின், பெட்ரோல் வரவையும் பிளக்கின் பொறியையும் நோக்குக.

எமது வண்டியில் விளக்கு மங்கிற்று. பேட்டரியோ ஓய்வில் 12.6 வோல்ட் காட்டிற்று. அது நிறைவுற்ற 12 வோல்ட் பேட்டரிக்குரிய அளவே. பின்னர், செல்ஃப் மோட்டாரை இயக்குகையில் பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே அளந்தோம். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டலாகாது. யாம் கண்டதோ இரண்டு வோல்ட்டுக்கு மேல். எர்த் வயரின் நுனியில் துரு படிந்திருந்தது. சூடேறச் செம்பின் மின்தடையும் மிகுமாதலின், குளிர்ந்த காலையில் மறைந்த பழுது நண்பகலில் வெளிப்பட்டது.

துருவைச் சுரண்டித் திருகை இறுக்கினோம், வண்டி கிளம்பிற்று. வகுப்பிற் கற்ற ஓமின் விதியை முன்னரே நினைந்திருப்போமாயின், பேட்டரியின் விலை எம் கையில் எஞ்சியிருக்கும்.