மட்டியும் தகர டப்பாவும்

நண்டு இறைச்சி அடைத்த தகர டப்பா ஒன்றை நீங்கள் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டை எடுத்து வாயில் போடுகிறீர்கள். பல்லில் 'நறுக்' என்று ஏதோ கடிபடுகிறது. எடுத்துப் பார்த்தால் நிறமில்லாத, பளபளப்பான சிறு துண்டு ஒன்று. "ஐயோ, கண்ணாடி!" என்று அலறத் தோன்றும் அல்லவா?

அலற வேண்டாம். ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, அந்தத் துண்டைப் போட்டு, சில நிமிடங்கள் இலேசாகச் சூடு காட்டுங்கள். கண்ணாடியானால் அப்படியே கிடக்கும். துண்டு கரைந்து மறைந்துவிட்டால் அது ஸ்ட்ருவைட் என்னும் படிகம். வேதியியல் வகுப்பில் இதற்கு மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் என்று பெயர். கடல் உயிரிகளின் சதையில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் இயல்பாகவே உண்டு. கடுமையாகச் சூடாக்கும்போது புரதத்திலிருந்து சிறிது அம்மோனியா வெளிப்படுகிறது. மூன்றும் டப்பாவுக்குள் சேர்ந்து படிகமாகின்றன. வயிற்றிலுள்ள அமிலத்தில் கரைந்துவிடுவதால் இதனால் தீங்கு இல்லை. (கரையாவிட்டால்? அந்த டப்பாவைக் குப்பையில் போடுங்கள். அதில் விவாதமே இல்லை.)

சர்க்கரைப் பாகு மெதுவாக ஆறினால் பெரிய கற்கண்டு கிடைக்கும். விரைவாக ஆறினால் பொடிப் பொடியாக உறையும். இங்கும் அப்படித்தான். எனவே தொழிற்சாலைகளில் வெந்த டப்பாக்களை உடனே குளிர்ந்த நீரால் ஆற வைக்கிறார்கள். அப்போது படிகங்கள் நாக்குக்கே தெரியாத அளவில் நின்றுவிடுகின்றன.

இன்னொரு புதிரும் அந்த டப்பாவிலேயே இருக்கிறது. நண்டு டப்பாவில் பெரும்பாலும் சதையைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாள் வைத்திருப்பார்கள். அழகுக்காகவா? அதிக நேரம் வேக வைத்த முட்டையை உரித்துப் பாருங்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த கருமை ஒன்று படிந்திருக்கும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டான இரும்பு சல்பைடு அது. நண்டு, இறால், மட்டி ஆகியவற்றின் புரதத்திலும் கந்தகம் உண்டு. அது டப்பாவின் இரும்பைச் சந்தித்தால் சதையில் கரும்புள்ளிகள் விழும். அந்தச் சந்திப்பைத் தடுக்கத்தான் இடையில் தாள். பல டப்பாக்களில் உட்புறம் பூசப்படும் எனாமலில் துத்தநாக ஆக்சைடைக் கலப்பார்கள். கந்தகம் இரும்புக்குப் பதில் துத்தநாகத்தோடு சேர்ந்து துத்தநாக சல்பைடு ஆகிவிடும். அது வெள்ளை நிறம், கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு தந்திரமான ஏற்பாடு பாருங்கள்!

டப்பாவில் உணவு ஏன் கெடுவதில்லை என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது ஒரு மட்டிதான் என்றால் நம்புவீர்களா? இரண்டு ஓடுகளுக்குள் ஒளிந்து சேற்றில் புதைந்து வாழுமே, அந்தச் சாதாரண மட்டி.

உணவை அடைத்துக் காக்கும் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, வாயை இறுக மூடி, கொதிநீரில் வைத்து எடுத்தார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் புட்டிக்குப் பதில் தகர டப்பா வந்தது. ஆனால் உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அப்பேருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களின் வேலையை விளக்கியது அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான். அதன் பின்னும் டப்பாத் தொழில் அனுபவத்தை நம்பியே நடந்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது தலைமைச் சமையற்காரரின் இரகசியம்!

1895-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அண்டர்வுட் நிறுவனத்தின் மட்டி டப்பாக்களில் சில உப்பிப் பெருத்தன. வில்லியம் லைமன் அண்டர்வுட் உதவி தேடி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். சாமுவேல் கேட் பிரெஸ்காட் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அவரோடு சேர்ந்துகொண்டார். 1896 வரை இருவரும் பிற்பகல் தோறும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்: மட்டியில் சில பாக்டீரியாக்களின் வித்துக்கள் இருந்தன, அவை வந்தது மட்டி வாழ்ந்த இடத்திலிருந்து, கொதிநீர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

வித்து என்பது என்ன? சூழ்நிலை மோசமானால் சில பாக்டீரியாக்கள் தடித்த உறை ஒன்றுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டு உறங்கத் தொடங்கும். 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் கொதித்தாலும் சில வித்துக்கள் பிழைத்திருக்கும். ஆறியதும் விழித்துப் பெருகும். வாயுவை வெளியிட்டு டப்பாவை உப்ப வைக்கும். பிரெஸ்காட்டும் அண்டர்வுட்டும் சூட்டையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து, 121 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் தங்கள் மட்டியிலிருந்த வித்துக்கள் மடிகின்றன என்று காட்டினார்கள்.

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 121 டிகிரி! தொழிற்சாலைக் கொதிகலம் என்பது ஓர் இராட்சதக் குக்கர்தான்.

அதே 1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சியை உண்டு நோயுற்றார்கள். 3 பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியை ஆராய்ந்த எமீல் வான் எர்மெங்கம், காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்றுப் புகாத டப்பா அதற்குச் சொர்க்கம். அதன் நஞ்சு நரம்புகளின் கட்டளை தசைகளுக்குச் செல்லாமல் தடுத்து, மூச்சையே நிறுத்திவிடும். ஆகையால் டப்பாத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வித்துக்கள் ஒரு லட்சம் கோடி இருந்தாலும் ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. இதற்கு 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் போதும். ஆனால் அந்தச் சூடு டப்பாவின் நடுவில் இருக்கும் துண்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

புளிப்பான உணவில் இந்தத் தொல்லை குறைவு. பி.எச். மதிப்பு 4.6-க்குக் கீழே போனால் அந்த வித்து முளைக்காது. நம் பாட்டிமார் புளிப்பையும் உப்பையும் நம்பி ஊறுகாய் போட்டது வீண் போகவில்லை. மட்டியோ புளிப்பற்றது. ஆகவே உப்பிய டப்பா, கசியும் டப்பா, திறக்கும்போது பீறிடும் டப்பா எதையும் ருசி பார்க்கவே கூடாது, நாக்கு நுனியில்கூட.

சரி, இவ்வளவு பாடுபட்டு அடைத்த சதையில் என்ன சத்து இருக்கிறது? நீர் வடித்த மட்டிச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். கொழுப்பு இரண்டு கிராம்தான். வைட்டமின் பி12 நமக்கு ஒரு நாளைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு. இரத்த அணுக்களும் நரம்புகளும் சரியாக அமைய இது வேண்டும். இதை உண்டாக்கத் தெரிந்தவை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே. நீரை வடிகட்டி உண்ணும் மட்டிக்கு அது அங்கிருந்து வருகிறது. இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் பழைய அட்டவணைகளில் காணும் பிரமாண்டமான எண்களை நம்பாதீர்கள். பின்னாளில் அளந்தபோது இரும்பு அவ்வளவு இல்லை என்று தெரிந்தது.

குறை என்ன? உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். டப்பா நீரில் உப்பு நிறைய. அதைக் கொட்டிச் சதையைக் கழுவினால் உப்பு குறையும். அதோடு மணமும் நீரில் கரைந்த பி12-இல் ஒரு பங்கும் போகும். நான் சொல்வது: கொட்ட வேண்டாம். அந்த நீரிலேயே சமைத்துவிட்டு, வேறு உப்பே சேர்க்காமல் இருங்கள்.

பாஸ்டன் பக்கத்து வீடுகளில் இப்படித்தான் சௌடர் என்னும் கெட்டிச் சூப்பைச் செய்கிறார்கள். ஒரு வெங்காயத்தை நறுக்கிச் சிறிது எண்ணெயில் வதக்கி, இரண்டு உருளைக்கிழங்கைச் சிறு சதுரங்களாக வெட்டிப் போட்டு, டப்பா நீரும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி வேக விடுவார்கள். கிழங்கு மசியும் பதம் வந்ததும் இரண்டு கோப்பைப் பால். இனிமேல் கொதிக்க விடக் கூடாது; கொதித்தால் பால் திரியும். மட்டியைக் கடைசியில் போட வேண்டும். ஏன் தெரியுமா? அது ஏற்கனவே 121 டிகிரியைப் பார்த்துவிட்டு வந்தது. மறுபடி வேக வைத்தால் புரதம் இன்னும் இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். ரப்பரைத்தான் மெல்ல வேண்டியிருக்கும். சூடு ஏறினால் போதும், இறக்கி மிளகுத்தூள் தூவலாம்.

நியூயார்க்கில் பாலுக்குப் பதில் தக்காளி சேர்ப்பார்கள். இது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1939-ல் மெயின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சௌடரில் தக்காளி போடுவதைத் தடுக்க மசோதாவே கொண்டுவந்தார்! சத்தைப் பார்த்தால் தக்காளிக் கட்சியிலும் நியாயம் உண்டு. தக்காளியின் வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்க உதவும். பாலின் கால்சியமோ சற்றுத் தடுக்கும். இரண்டையும் ஒரே பானையில் ஊற்றினால் அமிலம் பாலைத் திரித்துவிடும். ஏதாவது ஒரு கட்சியில்தான் சேர வேண்டும்.

கொதிகலத்தாலும் ஆகாத காரியங்கள் உண்டு. கடலில் சில நுண்பாசிகள் பெருகும்போது, அவற்றை வடிகட்டி உண்ணும் மட்டியின் சதையில் சாக்சிடாக்சின் என்னும் நஞ்சு சேர்கிறது. அது உயிரி அல்ல, வேதிப்பொருள். சமையல் சூட்டில் அழியாது. டப்பாவில் அடைப்பதையும் நம்ப முடியாது. 1981-ல் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 3 பேர் மாண்டார்கள். அதனால்தான் மட்டி சேர்க்கும் நாடுகள் பலவற்றில் கடல்நீரையும் சதையையும் தொடர்ந்து சோதித்து, நஞ்சு கண்டால் அந்தப் பகுதியில் மட்டி எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சோதனை டப்பாவுக்கு முன்னால் நடக்க வேண்டியது.

ஒவ்வாமையும் அப்படியே. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொல்லை தரும் புரதங்களில் முக்கியமானது டிரோப்போமயோசின். எவ்வளவு வெந்தாலும் அதன் குணம் போகாது. புதிய இறால் ஆகாதவருக்கு டப்பா இறாலும் ஆகாது.

மிஞ்சிய மட்டியைத் திறந்த டப்பாவிலேயே வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தகரமும் இரும்பும் விரைவாக அரிக்கத் தொடங்கும். உணவில் உலோகச் சுவை ஏறும். கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் மாற்றி, மூடி, குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அடைத்திருந்தபோது ஆண்டுக்கணக்கில் இருந்தது என்ற கணக்கு டப்பாவைத் திறந்த பிறகு செல்லாது.