குழப்படி இல்லை, பயம்

வெள்ளவத்தையில் விடியப்புறம் ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்தோம். அக்காவின் மகனுக்கு அப்போது ஏழு வயது, ஓட்டிசம் உள்ள பிள்ளை. இரண்டு தரம் வலிப்பு வந்ததால் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரவிலிருந்து சாப்பாடு இல்லை. சனம் நிறைந்த நடைபாதையில் ஒன்பதரை மட்டும் காத்திருந்தோம். நித்திரைக்கு மருந்து பருக்கியும் கண் மூடவில்லை. தலையைச் சட்டத்துக்குள் பொருத்தப் போனதும் அவன் கத்திய கத்தலில் வெளியே இருந்தவர்களெல்லாம் எழும்பிவிட்டார்கள். "சரியான குழப்படி" என்று யாரோ சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. படம் எடுக்காமலே வீடு திரும்பினோம்.

அன்று பிள்ளையில் பிழையில்லை. உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும்தான் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து மயக்க மருந்து இல்லாமலே அவன் படுத்து எழும்பினான். அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் என்ன நடக்கிறது?

எக்ஸ்ரே ஒரு நொடி வேலை. சி.டி. ஸ்கேன் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை. காந்தமும் வானொலி அலையும்தான். ஆனால் அது 20 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். பிள்ளை தலையை ஆட்டினால் படம் கலங்கிப் போகும். காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்வதால் அவை அதிர்ந்து தட்டுகின்றன. அந்தச் சத்தம் 100 டெசிபலையும் தாண்டும். மிக்சியின் சத்தத்துக்கே காதைப் பொத்துகிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேசைக்குக் கீழே ஒரு ஸ்கேன் அறை

சாப்பாட்டு மேசையின் மேல் அப்பாவின் சாரம் இரண்டைத் தொங்கவிட்டோம். கீழே பாய். அதுதான் குழாய். முதல் நாள் அவன் தன் கரடிப் பொம்மையை மட்டும் உள்ளே அனுப்பினான். நாலாம் நாள் கால் இரண்டும் உள்ளே போயின. தலை போக இரண்டு கிழமை எடுத்தது. அவசரப்படுத்தவில்லை.

எம்.ஆர்.ஐ. சத்தம் யூடியூபில் கிடைக்கும். கேட்டும் கேட்காத அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினோம். காதில் ஹெட்போன், சிலை விளையாட்டு, பத்து எண்ணும் மட்டும் அசையாமல் இருத்தல், பிறகு இருபது, பிறகு ஐம்பது. ஓட்டோ, வாசல், கட்டில், குழாய், திரும்பி வந்து ஐஸ்கிரீம் என்று ஐந்து படங்களை வரிசையாக ஒட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் மாட்டினோம். கடைசிப் படத்தை அவன் ஒருநாளும் மறக்கவில்லை. ஊசி போட வேண்டியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். "ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று சொல்லிக் கூட்டிப் போன பிள்ளை அடுத்த முறை உங்களை நம்பாது.

இந்தப் பயிற்சிக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளரின் உதவி கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் பிள்ளை ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயாட்டி நிலையத்துக்கோ, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போய்வருகிறதென்றால் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

அரைஞாண், தோடு, தாலிக்கொடி

பல வைத்தியசாலைகளில் இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. 2018 இல் மும்பையில் ஒட்சிசன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் உயிரையே இழந்தார். பிள்ளையின் சக்கர நாற்காலியும் அதனால்தான் வாசலோடு நிற்க வேண்டும்.

வெள்ளி அரைஞாண், பஞ்சாயுதம், தாயத்து, தோடு, காற்சட்டையின் ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அரைஞாணைத் தொட்டால் அழுகிற பிள்ளைக்கு அன்று காலையில் கழற்றுவதே முதற் சண்டையாகிவிடும். இரண்டு நாளுக்கு முன்பே கழற்றிப் பழக்குங்கள். காதுக்குள் பொருத்திய கருவி, தலையில் நீர் வடிக்கும் குழாய் இருந்தால் திகதி எடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

கூட நிற்பவருக்கும் இதே சட்டம்தான். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு போனார். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வரவில்லை. வாசலில் நின்று கலங்கினார். கடைசியில் பெரியம்மா உள்ளே போனார். யார் உள்ளே போவது என்பதை முதல் நாளே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் முழங்கால் நிமிராது. கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்ததும் வலி குறைந்து அடங்கிப் படுத்தாள். பிள்ளைக்கு எங்கே நோகும் என்று தாய்க்குத்தான் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுப்பதென்றால்

எவ்வளவு பழக்கினாலும் சில பிள்ளைகளால் முடியாது. அது தோல்வி இல்லை. பொதுவாகத் திண்ம உணவும் பசுப்பாலும் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4 மணித்தியாலம், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்பே நிறுத்தப்படும். உங்கள் வைத்தியர் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். வலிப்பு மருந்தை மட்டும் "பட்டினிதானே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலை மருந்தை என்ன செய்வது என்று முன்பே கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம், நித்திரையில் மூச்சு அடைக்கலாம். மயக்க மருந்து வைத்தியரிடம் குறட்டையைப் பற்றிக்கூடச் சொல்லுங்கள். பட்டியலில் முதல் ஆளாக விடும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

"ஹெலவென்ன எப்பா"

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடியோகிராபர் அன்பானவராகவே இருப்பார், ஆனால் பேசுவது சிங்களம். எங்கள் பிள்ளைக்குத் தெரிந்ததோ தமிழ் மட்டும். "ஹெலவென்ன எப்பா", அசையாதே என்ற அந்த இரண்டு சொல்லை அக்கா சிலை விளையாட்டின் தொடக்கச் சொல்லாக்கினார். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எங்கே தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டு சிங்கள அன்ரியிடம் கேட்டு ஒரு மட்டையில் சிங்களத்தில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தோம்.

இரண்டாம் முறை அந்த மட்டையைப் படித்த ரேடியோகிராபர் எழுந்து வந்து பிள்ளையின் உயரத்துக்குக் குந்தினார். வெறும் கட்டிலை உள்ளே அனுப்பி, வெளியே எடுத்துக் காட்டினார். பிறகு ஒலிபெருக்கியில் "ஹெலவென்ன எப்பா, புத்தே" என்றது கேட்டது. அக்கா அவன் காலைப் பிடித்தபடி நின்றார். கால் அசையவில்லை.

இறுவட்டையும் அறிக்கையையும் அந்த மட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.